நான்கு மணி நேரத் தூரம்

கோலாலம்பூரிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம் என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் "நாலு மணி நேரம்" என்போம். வான்வழியில் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். சிப்பாங்கில் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால், இறங்கும்போது அங்கே பத்தரைதான். "போறப்ப ரெண்டரை மணி நேரம் சும்மா குடுக்கிறான், வர்றப்ப திருப்பிப் பிடுங்கிக்கிறான்" என்பார் அப்பா.

போன ஆண்டு ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு முசிறியிலிருந்து போன். அத்தை மகன்தான். "மச்சான், அம்மா போயிட்டாங்க. மாமாவை எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க. பொறந்த வீட்டுக் கோடி அவர்தானே போடணும்?"

அப்பாவின் ஒரே அக்கா. கிள்ளான் தோட்டத்தில் பிறந்தவர். 1961-இல் ஊரில் மாப்பிள்ளை பார்த்து அனுப்பினார்கள். அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமில் 'ரஜூலா' கப்பல் ஏறி, பினாங்கு வழியாக நாகப்பட்டினம் போய், அங்கிருந்து ரயில். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். துறைமுகத்தில் நின்று கையசைத்தபோது அப்பாவுக்கு 13 வயது. அதன் பிறகு அக்காவை அவர் பார்த்தது நான்கே முறை.

நான் கணக்குப் போட்டேன். கிள்ளானிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பறப்பது நான்கு. இறங்கிப் பெட்டி எடுத்து முசிறி போய்ச் சேர இரண்டரை. மொத்தம் பத்தரை மணி நேரம். மாலை நான்கு மணிக்குத்தான் எடுப்பதாகச் சொன்னார்கள். காலை விமானத்தில் இடமும் இருந்தது.

கடப்பிதழை எடுத்துப் பார்த்தேன். அதில் குறையில்லை. இந்திய விசா முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டும் என்று தெரியும். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தால் விண்ணப்பித்திருக்கலாம். "நாலு மணி நேரம்தானே, எப்ப வேணும்னாலும் போகலாம்" என்று தள்ளிப்போட்டவன் நான்தான்.

உடனே இணையத்தில் விண்ணப்பித்தேன். மறுநாள் நண்பகலில்தான் விசா வந்தது.

அன்று மாலை ஆறரைக்கு, அங்கே நான்கு மணி, அப்பா கைப்பேசியில் அக்காவைப் பார்த்தார். கோடியைப் பங்காளி ஒருவர் போட்டார். அப்பா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "முன்னெல்லாம் ரெண்டு மணி நேரம்தான் வித்தியாசம். 82-ல இங்க கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளி வச்சாங்க. ஊரு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போச்சு" என்றார். அதற்குமேல் அன்று பேசவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனோம். தெங்கு கிளானா சாலையில் அப்பாவே தேர்ந்தெடுத்த அரக்குச் சேலை பெட்டியில் இருந்தது. அத்தையின் படத்துக்கு முன் அதை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் விசா முடியும் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கிறேன். ஊரில் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் நீங்களும் இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான்கு மணி நேரம் என்பது விமானத்தின் கணக்கு மட்டும்தான்.