சாமியார் பீரும் மணப்பாறை முறுக்கும்

மணப்பாறை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முறுக்கு. கொஞ்சம் வயதானவர் என்றால் மாட்டுச் சந்தை. எனக்கு அதுதான் சொந்த ஊர் என்பதால் இரண்டுமே வரும். இந்த வாரம் அந்தப் பட்டியலில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கப் போகிறேன். பெல்ஜியம் நாட்டுத் துறவிகள் மடத்துக்குள் காய்ச்சும் கறுப்பு பீர்! முகத்தைச் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காக பிரஸ்ஸல்ஸ் போயிருந்தேன். அங்கிருந்து அரை மணி நேர ரயில் பயணத்தில் லூவன் என்று ஒரு பல்கலைக்கழக நகரம். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் அங்கே வேலை பார்க்கிறார். "இவ்வளவு தூரம் வந்துட்டு வீட்டுக்கு வராம போயிடுவீங்களாண்ணே?" என்று கூட்டிப் போனார். சாப்பாட்டுக்கு முன்னால் அலமாரியைத் திறந்து குட்டை பாட்டில் ஒன்றை எடுத்தார். ஃப்ரிட்ஜிலிருந்து அல்ல, அலமாரியிலிருந்து.

"என்னப்பா, சில்லுனு இல்லையா?"

"சில்லுனு குடிச்சா நாக்கு மரத்துடும்ணே. ஒரு ருசியும் தெரியாது. இது பத்துப் பன்னிரண்டு டிகிரியில இருந்தாப் போதும்."

பாட்டிலின் பெயர் ரோஷ்ஃபோர் 10. அகலமான வாயும் குட்டைக் காலும் உள்ள கிண்ணம் மாதிரி ஒரு கண்ணாடிக் கோப்பையில் மெல்லச் சாய்த்து ஊற்றினார். அடியில் கொஞ்சம் மண்டி தங்கியதும் நிறுத்திவிட்டார். நிறம், டிகாக்ஷனுக்கும் கருப்பட்டிப் பாகுக்கும் நடுவில். மேலே பழுப்பு நுரை.

"குடிச்சிராதீங்கண்ணே. முதல்ல மோந்து பாருங்க."

முகர்ந்தேன். கருப்பட்டி காய்ச்சுகிற வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஒரு வாசனை. பின்னாலேயே உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், எங்கிருந்தோ ஒரு கிராம்பு. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, அப்புறம் ரொட்டியின் கருகிய ஓரத்துக் கசப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு இதமான சூடு. 330 மில்லியை முடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவும் ஒரே பாட்டிலை இரண்டு பேர் பங்கு போட்டு!

சமாசாரம் இதுதான். பார்லியை முளைகட்டி உலர்த்தி வறுத்த மால்ட்டோடு, பீட் கிழங்குச் சர்க்கரையைக் கருகக் கருகக் காய்ச்சிய பாகையும் சேர்க்கிறார்கள். நிறமும் கருப்பட்டி வாசனையும் அப்படி வருவதுதான். சர்க்கரை முழுக்கப் புளித்துச் சாராயமாகிவிடுவதால் வீரியம் ஏறுகிறது, ஆனால் கூழ் மாதிரி கெட்டியாவதில்லை. திராட்சை, கிராம்பு வாசனைகள் பெரும்பாலும் ஈஸ்ட் செய்யும் மாயம். பாட்டிலில் அடைக்கும்போது இன்னும் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்க்கிறார்கள். உள்ளேயே மறுபடி புளிக்கிறது. அடியில் தங்கும் மண்டி அதனால்தான். வருடக்கணக்கில் வைத்திருந்தால் ஊறுகாய் மாதிரி பதமாகுமாம்.

தம்பி அடுத்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். நம்ம ஊர் முறுக்கு! அவர் அம்மா அனுப்பியது. ஒரு கடி, ஒரு வாய். முறுக்கின் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும், பீரின் இனிப்பும் நுரையும் சம்பந்தி வீட்டார் மாதிரி விட்டுக்கொடுத்துப் போயின. மணப்பாறை முறுக்கின் ருசிக்கு ஊர்த் தண்ணீரின் லேசான உப்புக் கரிப்புதான் காரணம் என்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ரோஷ்ஃபோர் துறவிகளுக்கும் தண்ணீர்தான் உயிர். மடத்துக்கு நீர் தரும் டிரிடேன் என்ற ஊற்றைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரி பாதித்துவிடும் என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்து, 2021-ல் நீதிமன்றத்தில் மடம் ஜெயித்தது. தண்ணீருக்காக கோர்ட் படி ஏறுவது காவிரிக் கரைக்காரர்களுக்குப் புதுசா என்ன?

இனி, துறவிகள் ஏன் பீர் காய்ச்சுகிறார்கள் என்ற கேள்வி. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி மடங்களுக்கு ஒரு விதிநூல் எழுதினார். அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, துறவி தன் கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும். இரண்டு, குடிக்கிற திராட்சை ரசத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஒரு அளவு. இந்த விதிநூலைக் கறாராகப் பின்பற்றுகிறவர்கள் டிராப்பிஸ்ட் துறவிகள். திராட்சை விளையாத பெல்ஜியத்தில் அவர்கள் பீர் காய்ச்சினார்கள். வெஸ்ட்மாலே மடத்தில் 1836-லிருந்து, ஷிமே பீருக்குப் பேர்போன ஸ்கூர்மோன் மடத்தில் 1862-லிருந்து.

நான் படித்தது பி.காம். தேவை கூடினால் சப்ளையைக் கூட்டு, முடியாவிட்டால் விலையைக் கூட்டு என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். வெஸ்ட்ஃப்ளெட்டரன் மடத்துக் கணக்கு எனக்குச் செரிக்கவே இல்லை. உலகின் சிறந்த பீர் என்று ரசிகர்கள் கொண்டாடுவது அவர்களுடைய 12-ஆம் நம்பர் பீரை. வெகுகாலம் அதை மடத்து வாசலில் மட்டும்தான் விற்றார்கள். முன்பதிவு செய்யவேண்டும், ஒருவருக்கு இத்தனை பெட்டிதான், வாங்கி மறுபடி விற்கக்கூடாது. உற்பத்தியைக் கூட்ட மாட்டார்கள். மடத்துக் கட்டடம் பழுதானபோது 2011, 2012-ல் மட்டும் விசேஷப் பெட்டி போட்டு, வெளிநாடுகளுக்கும் அனுப்பி, கட்டடச் செலவுக்குப் பணம் சேர்த்தார்கள். உலகமே வரிசையில் நின்ற அந்த நேரத்திலும், உற்பத்தியைப் பெருக்கித் தொழிலை வளர்க்கவில்லை. பழையபடி வாசல் வியாபாரத்துக்கே திரும்பினார்கள்.

1997-ல் இந்த மடங்கள் ஒரு சங்கம் அமைத்து முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தன. மடத்து வளாகத்திலேயே காய்ச்ச வேண்டும், துறவிகள் மேற்பார்வையிட வேண்டும், மடத்துச் செலவு போக மிச்சம் தர்மத்துக்குப் போக வேண்டும். ஆக்கெல் என்ற மடத்தில் துறவிகளே இல்லாமல் போனதும் 2021-ல் அதன் பீருக்கு முத்திரை போய்விட்டது. பீர் அதேதான், துறவிதான் இல்லை! இப்போது பெல்ஜியத்தில் மிச்சமிருப்பவை ஐந்து மடங்கள். கடைகளில் மடத்துப் படம் போட்டு 'அபே' பீர் என்று வருகிறதே, அதில் பெரும்பாலானவை கம்பெனிகள் காய்ச்சுபவை. மடத்துக்குப் பெயருக்கான ராயல்டி போகும். அவற்றிலும் ருசியானவை உண்டு.

ஊருக்கு வந்து இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "உங்க சித்தப்பாவ மறந்துட்டியாடா?"

மறக்கவில்லை. சித்தப்பா மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதில் மன்னன். ஒரு காளையைப் பார்த்தார் என்றால் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், திமிலைத் தடவிப் பார்ப்பார். அரை மணி நேரம் ஆகும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒயின்ஷாப்பில் மட்டும் எதையும் பார்க்க மாட்டார். மூக்கைச் சுளித்து, கண்ணை மூடி, நின்றபடியே ஒரே மடக்கு. வாய் எரிச்சலுக்கு ஊறுகாய். 1996-ல் போய்ச் சேர்ந்தார். வயது 47. சித்தி அதற்கப்புறம் இட்லிக் கடை போட்டுத்தான் இரண்டு பெண்களையும் கரையேற்றினார்.

அன்று ஒயின்ஷாப் தனியாரிடம் இருந்தது. 2003-லிருந்து அரசாங்கமே டாஸ்மாக் கடை வைத்து விற்கிறது. குடிக்கிற விதம் மட்டும் மாறவில்லை. ருசி பிடிக்காமல், போதைக்காக மட்டும், அவசர அவசரமாக. குற்றம் செய்கிறவன் வேகமாகத்தான் செய்வான். நாம் குடியைக் குற்றமாக்கி வைத்திருக்கிறோம், அதே கையால் கல்லாப்பெட்டியையும் நிரப்புகிறோம்.

அதற்காக மடத்து பீருக்கு நான் ஏஜென்ட் இல்லை. கணக்குப் பாருங்கள். ரோஷ்ஃபோர் 10-ல் ஆல்கஹால் 11.3 சதவீதம். 330 மில்லி பாட்டிலில் சுமார் 37 மில்லி. நம்மூர் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம். 90 மில்லி ஊற்றினால் சுமார் 38. ஆக, ஒரு பாட்டில் கிட்டத்தட்ட ஒரு தொண்ணூறுக்குச் சமம்! சாமியார் காய்ச்சினார் என்பதற்காகக் கல்லீரல் சலுகை தராது. "சித்தப்பாவுக்கு இதை ஊத்திக் குடுத்திருந்தா பொழச்சிருப்பாரா?" என்று அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆரம்பத்தில் சொன்ன சம்பந்தத்துக்கு வருகிறேன். மணப்பாறையிலிருந்து வடக்கே போனால் குளித்தலை. பக்கத்தில் தண்ணீர்பள்ளி என்ற கிராமத்தில், காவிரிக் கரையில், சாந்திவனம் என்று ஒரு ஆசிரமம். 1950-ல் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் தொடங்கியது. 1955-ல் இந்தியாவுக்கு வந்த ஒரு பெல்ஜியத் துறவி முதலில் அங்கேதான் தங்கினார். பெயர் பிரான்சிஸ் மாயூ. அவர் வந்தது எந்த மடத்திலிருந்து தெரியுமா? ஷிமே பீர் காய்ச்சும் அதே ஸ்கூர்மோன் மடத்திலிருந்து!

பிறகு கேரளத்துக்குப் போய், 1958-ல் வாகமண் பக்கம் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கினார். காவி கட்டி பிரான்சிஸ் ஆச்சார்யா ஆனார். 2002-ல் காலமானார். விதிநூல் அதேதான், கையால் உழைத்துச் சாப்பிட வேண்டும். அந்த மலையில் துறவிகள் பீர் காய்ச்சவில்லை. மாடு வளர்த்தார்கள். பால் கறந்து விற்றார்கள். 1998-ல் டிராப்பிஸ்ட் சபை அந்த ஆசிரமத்தை முறைப்படி சேர்த்துக்கொண்டது. பீர் விற்கும் ஷிமேயும் பால் விற்கும் குரிசுமலையும் ஒரே குடும்பம்.

இந்தக் கடைசிச் செய்தியை அம்மாவிடம் சொன்னேன். "பாலா? அது நல்ல சாமியார்" என்றார்.

உங்களுக்கு பீர் வேண்டாம். லூவன் தம்பி சொல்லிக்கொடுத்த வித்தை மட்டும் போதும். நாளைக் காலை ஒரு டம்ளர் கருப்பட்டிக் காபி போடுங்கள். பொங்கும் சூடு ஆறட்டும். செல்போனைத் தள்ளி வையுங்கள். முதலில் முகருங்கள். அப்புறம் ஒரு வாய். கையில் ஒரு மணப்பாறை முறுக்கு. இரண்டாவது டம்ளர் வேண்டுமா என்று அதன் பிறகு யோசிக்கலாம்.