கழுத்து செதுக்குகிறவர்கள்

இடது கையை நீட்டச் சொன்னார் பெரியவர். கட்டைவிரலை மடக்கவைத்து, சுண்டுவிரல் எவ்வளவு தூரம் விரிகிறது என்று பார்த்தார். சுவரில் உடலில்லாத வெறும் கிட்டார்க் கழுத்துகள் சில தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, "கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். எது நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டாம். எது கையில் இருப்பதே தெரியவில்லை என்று சொல்லுங்கள்" என்றார்.

மிஷிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது கலமசூ. அந்த ஊருக்கு வெளியே, பழைய தானியக் கொட்டகை ஒன்றைப் பட்டறையாக்கி மூன்று பேர் மின்கிட்டார் செய்கிறார்கள். கழுத்தும் உடலும் பெரியவர் பொறுப்பு. கிட்டாரின் மெட்டான ஃப்ரெட்டை அடிப்பதும், தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்பைச் சுற்றுவதும் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. வண்ணம் பூசுவது ஓர் இளைஞன். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி மென்பொருளில் பிழைப்பு நடத்தும் நான், என் கைக்கென்று ஒரு கிட்டார் செய்யக் கொடுக்கப் போயிருந்தேன்.

எனக்கு வேண்டியது கொஞ்சம் கோணலான பொருள். வீணையில் மெட்டின் மேலேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களைத் தொடுவார்கள். கிட்டாரில் அப்படி இழுக்கும்போது, ஃப்ரெட் தாழ்வாக இருந்தால் விரல்நுனி மரத்தில் உரசும், தந்தி நழுவும். ஆர். பிரசன்னா மின்கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு, இது முடியாத காரியமல்ல என்று தெரியும். கடையில் தொங்கும் கிட்டார் என் சராசரி விரல்களோடு ஒத்துழைக்கவில்லை. உயரமான ஃப்ரெட், மெல்லிய தந்தி, சற்றுக் குறைந்த நீளம், இவை மூன்றும் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனேன்.

பெரியவர் வியக்கவில்லை. "மெக்லாஃப்லின்" என்று ஒரே வார்த்தை சொன்னார். 1970களில் சக்தி குழுவில் எல். சங்கரின் வயலினோடும் விக்கு விநாயக்ராமின் கடத்தோடும் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிட்டாரில், ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரம் குழியாகத் தோண்டப்பட்டிருந்தது. குறுக்கே ஏழு அனுநாதத் தந்திகள். கிப்ஸன் கிட்டார் நிறுவனத்துக்காக அதைச் செய்தவர் ஏப் வெக்டர். கமகத்துக்கு வழிவிடும் கிட்டாரைப் பற்றி இவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கலமசூவைத் தெரிந்தெடுத்ததற்கு வேறு காரணமும் உண்டு. ஊருக்குள் பார்சன்ஸ் தெருவில் 225ஆம் எண்ணில் 1917இல் எழுந்த செங்கல் தொழிற்சாலை இன்னும் நிற்கிறது. கிப்ஸன் இங்கேதான் வளர்ந்தது. கிட்டார்க் கழுத்துக்குள் எஃகுக் கம்பி வைத்து வளைவைத் திருத்தும் ட்ரஸ் ராட் உத்தி இந்த நிறுவனத்தின் ஊழியர் தாடியஸ் மெக்ஹியூவுடையது. அதற்கு 1923இல் காப்புரிமை கிடைத்தது. 1952இல் லெஸ் பால் என்ற மின்கிட்டார் மாடல் வெளிவந்தது. சேத் லவர், இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை 1955இல் உருவாக்கினார். இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் படைக்குப் போனபோது பெண்கள் உள்ளே வந்து கிட்டார் செய்தார்கள். போர்க்காலத்தில் கிட்டாரே செய்யவில்லை என்பதுபோல நிறுவனம் பிற்காலத்தில் பேசியது. அந்தக் கிட்டார்களோ இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் பொருள்.

1970களில் நாஷ்வில்லில் புதிய ஆலை திறந்தார்கள். 1984இல் கலமசூ ஆலையை மூடினார்கள். பெயர் தெற்கே போனது, எந்திரங்களில் பலவும் போயின. ஆட்களில் பலர் போக மறுத்தார்கள். வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான பெற்றோர் என்று ஆளுக்கொரு காரணம். அவர்களில் சிலர் 1985இல் அதே கட்டடத்தில் ஹெரிடேஜ் என்ற பெயரில் மறுபடி கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். கட்டடம், கொஞ்சம் பழைய எந்திரம், பழகிய கை. வேறென்ன வேண்டும்?

எங்கள் பெரியவர் அந்த ஆலை மூடும்போது இருபது வயதுக்காரர். உப்புத்தாள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்த ஆட்களில் ஒருவர். "எனக்குக் கழுத்து வேலை கற்றுக்கொடுத்தவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது" என்றார் சாவகாசமாக. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. யோசித்தால் அதில் நியாயம் இருக்கிறது. தான் வாசிப்பவனாக இருந்தால் தன் கைக்குச் செதுக்கிவிடுவான்.

இரண்டாம் முறை போனபோது என் கழுத்து பிடியில் இறுகியிருந்தது. மகாகனி மரம். முதலில், தலைமுனையில் தந்தி தங்கும் நட்டுக்கு அருகே ஓரிடத்திலும், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குக் கீழே ஓரிடத்திலும் மட்டும் தடிமனை முடிவு செய்தார். முன்னது 21 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், பின்னது 24. பிறகு இருபுறமும் பிடி வைத்த சின்ன இழைப்புளியால் அந்த இரண்டு இடங்களையும் இணைத்துக்கொண்டே போனார். வட்டமாகச் செதுக்கவில்லை. பட்டை பட்டையாக முனை எடுத்து, அந்த முனைகளை மறுபடி மழித்து, முரட்டு அரத்துக்கு மாறி, கடைசியில் மெல்லிய எஃகுத் தகட்டால் சுரண்டினார். விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் மரத்தோடு படுத்து ஓடும்படி வைத்துக்கொண்டு நிழலைப் பார்த்தார். மேடு இருந்தால் நிழல் முறிகிறது. அளவுகோலை அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை. நடுநடுவே என்னைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்வார், என் முகத்தைப் பார்ப்பார், வாயைத் திறக்குமுன் வாங்கிக்கொள்வார்.

கணினி எந்திரத்தில் இதை வெட்டலாமே என்று கேட்டேன். கேட்டால் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். "பெரிய ஆலைகளில் முக்கால்வாசி வடிவம் எந்திரம்தான் எடுக்கிறது, தப்பில்லை. ஃப்ரெட் பள்ளங்களை நானும் எந்திரத்தில்தான் வெட்டுகிறேன். அதில் கைக்கு வேலையே இல்லை" என்றார். உண்மைதான். ஃப்ரெட் எங்கே உட்கார வேண்டும் என்பது வெறும் கணக்கு. தந்தியின் மிச்ச நீளத்தை 17.817ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். என் கிட்டாரின் 24.75 அங்குல நீளத்தில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 35 மில்லிமீட்டரைத் தாண்டி விழுகிறது, பன்னிரண்டாவது சரிபாதியில். வீணைக்காரர் மெழுகின்மேல் மெட்டுகளைக் காதால் நிறுத்துவார், பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிட்டாரில் அறுத்த பள்ளம் அறுத்ததுதான்.

ஃப்ரெட்போர்டுக்கான மரத்தை எடுத்து வைத்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. கருஞ்சிவப்பில் ஊதாக் கோடுகள். நம் ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்தது, சிறு பலகையாகி, காகிதங்கள் சகிதம் கடல் கடந்து கலமசூவில் கிடக்கிறது. 1992இல் பிரேசில் ஈட்டியின் வணிகத்துக்குச் சர்வதேசத் தடை வந்தபோது, உலகக் கிட்டார்த் தொழில் ஏற்கெனவே இந்திய ஈட்டியின்மேல் சாய்ந்திருந்தது. இப்படிப்பட்ட மரங்களை வைத்து வழக்கும் நடந்தது. கிப்ஸனின் ஆலைகளில் அமெரிக்க வனவிலங்குத் துறை 2009இல் மடகாஸ்கர் கருங்காலி தொடர்பாகவும், 2011இல் இந்திய மரங்கள் தொடர்பாகவும் சோதனை நடத்தியது. 2012இல் 3 லட்சம் டாலர் அபராதத்தோடு அது முடிந்தது. 2017இல் ஈட்டி வகை மரங்கள் அனைத்துமே கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன, இசைக்கருவி வைத்திருப்பவர்கள் விமானம் ஏறவே பயந்தார்கள். 2019இல் செய்து முடித்த கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பெரியவர் மரத்தின் ரசீதுகளைக் கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். உளிகளைவிட அந்தக் கோப்புதான் பத்திரமான இடத்தில் இருந்தது.

மரத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: மின்கிட்டாரின் ஓசைக்கும் மரத்துக்கும் உள்ள உறவு, விற்பவர்கள் சொல்லும் அளவுக்குக் கிடையாது என்பது என் கட்சி. காந்தப் புலத்தில் இரும்புத் தந்தி ஆடுகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது. காந்தத்துக்கு மகாகனியும் தெரியாது, மேப்பிளும் தெரியாது. தந்தி எவ்வளவு நேரம் ஆடி ஓய்கிறது என்பதில் மரத்துக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். அதற்காக ஒரு பலகையின் வரிக்கோலத்துக்கு ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுப்பது கண்ணுக்குச் செய்யும் செலவு, காதுக்கு அல்ல. பட்டறை அம்மாவும் இதை ஒப்புக்கொண்டார், குரலைத் தாழ்த்தி. பெரியவருக்குக் காது கேட்கும் தூரம்.

பிக்கப் சுற்றும் மேசை அம்மாவுடையது. 42ஆம் கேஜ் செம்புக் கம்பி, தடிமன் 0.06 மில்லிமீட்டரை ஒட்டி. தலைமயிர் அளவுதான். ஒரு சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று. மோட்டார் சுழற்றுகிறது, கம்பியை இரு விரலுக்கிடையே பிடித்து இப்படியும் அப்படியும் வழிநடத்துவது கை. இறுக்கிப் பிடித்தால் அறுந்துவிடும், விட்டுப் பிடித்தால் தொளதொளத்துப் பின்னால் கீச்சிடும். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால், சுவர் மின்சாரத்தின் உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், தந்தியின் ஓசை கூடும். சேத் லவர் கண்ட வழி இதுதான். அம்மா சுற்றும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று இளைஞன் கையைக் காட்டி என்னை நிறுத்தினான்.

ஃப்ரெட் வேலையைத்தான் வெகுநேரம் நின்று பார்த்தேன். அடித்து இறக்கிய 22 ஃப்ரெட்டுகளின் தலையிலும் அம்மா கறுப்பு மை பூசினார். நீண்ட தட்டை அரத்தை ஒரே சீராக ஓட்டினார். மை அழிந்த இடம் மேடு, மிஞ்சிய இடம் பள்ளம். எல்லாவற்றிலும் மை ஒன்றுபோல் அழியும்வரை ஓட்டிவிட்டு, தட்டையாகிப்போன தலைகளை ஒவ்வொன்றாக மறுபடி உருட்டினார். பிறகு மூன்று ஃப்ரெட்டுகளின்மேல் சிறு எஃகுத் துண்டை வைத்து ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தார். ஒன்பதாவதில் துளி ஆடியது. எனக்குத் தெரியவில்லை, அவருக்குக் கேட்டது.

வண்ணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு, மெல்லிய பூச்சுகள், பிறகு வாரக்கணக்கில் காய்தல். காத்திருப்பதுதான் அதில் பெரிய வேலை. இளைஞன் முகமூடி போட்டுக்கொண்டு அறைக்குள் போனால் யாரும் கதவைத் திறப்பதில்லை.

கிட்டார் கைக்கு வந்த அன்று முதலில் தெரிந்தது மணம். பெட்டியைத் திறந்ததும் அரக்கு மூக்கில் ஏறியது. மனைவி ஜன்னலைத் திறந்துவிட்டார். எடை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மடியில் வைத்தபோது தலைப்பக்கம் சாயவில்லை, உடல்பக்கம் இழுக்கவில்லை. ஆம்ப்ளிஃபயர் போடாமலே முதலில் வாசித்தேன். காந்தார இடத்திலிருந்து மத்தியமத்துக்கு இழுத்தால் தந்தி நழுவாமல் விரலோடு வந்தது. அங்கிருந்து பஞ்சமம் வரை இழுத்தும் பார்த்தேன். முன்பு அங்கே போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு போவேன்.

பிறகு ஆம்ப்ளிஃபயரில் போட்டேன். நேர்மையாகச் சொன்னால், என் பழைய கிட்டாரிலிருந்து ஓசை மலைக்கும் மடுவுக்குமாக மாறிவிடவில்லை. கொஞ்சம் தெளிவு கூடியிருந்தது, உறுமல் இல்லை. மாறியது வாசிப்பு. பத்தாவது ஃப்ரெட்டைத் தாண்டும்போது கட்டைவிரல் தானாக இடம் மாறிக்கொண்டது. எந்த இடத்தில் கழுத்து தடிக்கத் தொடங்குகிறது என்று தேடித் தடவிப் பார்த்தேன், அகப்படவில்லை. செலவழித்த பணத்தில் பெரும்பகுதி இந்த அகப்படாத இடத்துக்குப் போயிருக்கிறது. தமிழ்ச் சங்க நண்பர் ஒருவர், இதே விலையில் கடையில் இரண்டு கிட்டார் வாங்கியிருக்கலாமே என்றார். வாங்கலாம். அவற்றில் எதுவும் என் சுண்டுவிரலைப் பார்த்துச் செய்ததாக இருக்காது.

குறை ஒன்று சொல்லலாம். உயரமான ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்தால் சுரம் ஏறிவிடுகிறது. பிடிமானம் லேசாக வேண்டும், அதற்கு விரலைப் பழக்குவது என் பாடு, பட்டறையின் பாடல்ல. கார்டு வாசிக்கும்போது இன்னும் சில சுரங்கள் துள்ளுகின்றன.

ஜனவரியில் கழுத்தோரம் ஃப்ரெட் முனைகள் உள்ளங்கையைக் கீறத் தொடங்கின. மிஷிகன் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றைக் காயவைத்துவிடும், ஈட்டி குறுக்கே சுருங்கும், உலோகம் சுருங்காது, முனை வெளியே தலைநீட்டும். எடுத்துக்கொண்டு போனேன். அம்மா ஓரமாக விரலை ஓடவிட்டார், சின்ன அரத்தால் இரண்டு பக்கமும் மழித்தார், காசு வாங்க மறுத்தார். வீட்டில் ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்டார். 25 சதவீதம் என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"45க்குக் கீழே விடாதீர்கள். ஈரமூட்டும் எந்திரம் ஒன்று வாங்குங்கள், ஹீட்டரையும் குறையுங்கள். உங்களுக்குக் குளிரும், கிட்டாருக்கு நல்லது."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எந்திரம் வாங்கலாம், ஹீட்டரைத் தொடக்கூடாது, வேண்டுமானால் கிட்டாரோடு போய் அடித்தளத்தில் படுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.