மலைநாட்டார் சுழியோடப் போகுமிடம்

ஆடி மாதத்தில் உடப்புசல்லாவையில் வறண்ட காற்று வீசத் தொடங்கினால், தேயிலையின் மணம் சிறக்கும் காலம் வந்துவிட்டதெனத் தோட்டத்தார் அறிவர். அக்காற்று கடலைப் பற்றியும் ஒரு செய்தி சொல்கிறது. தென்மேற்குப் பருவமழையை நடுமலைகள் தடுப்பதாலேயே இங்கு வறட்சி. அப்போது ஹிக்கடுவைக் கடல் கொந்தளிக்கும். திருகோணமலைக் கடலோ பெரும்பாலும் அமைதியாயிருக்கும்.

ஆகவே, ஸ்கூபா கருவி பூண்டு சுழியோடக் கற்க விழையும் நம் இளைஞர் மே முதல் செப்டெம்பர் வரை நிலாவெளியையும் புறாத்தீவையும் நாடலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை ஹிக்கடுவைக்குச் செல்லலாம். 1942இல் ஜப்பானியர் குண்டுவீச்சினால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ‘ஹேர்மிஸ்’ கப்பலைக் காணும் ஆசை இப்போதைக்கு வேண்டாம். அது கிடப்பது ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில். புதியவர்க்குரிய எல்லை 18 மீற்றரே.

மலைநாட்டார் மறக்கலாகாதது இன்னொன்று உண்டு. ஆழத்தில் சுவாசிக்கும் நைதரசன் உடலில் கரைந்து தங்குகிறது. உடனே மலையேறினால், காற்றழுத்தம் குறைய, அது குமிழிகளாகி மூட்டுவலி முதல் முடக்கம் வரை விளைவிக்கக்கூடும். ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமுமாவது பொறுத்தல் வேண்டும். விமானப் பயணத்துக்கு வகுத்த இவ்விதி, 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவுக்கு ஏறுவோர்க்கும் பொருந்தும்.

ஆதலின், திருகோணமலை செல்வோர் விடுமுறையின் கடைசி நாளைக் கோணேசர் தரிசனத்துக்கு ஒதுக்கி, மறுநாட் காலையில் பஸ் ஏறுவாராக.