இரவல் போனதால் பிழைத்த புத்தகம்

மலைமேல் கோயில் என்றால் நமக்குக் கொள்ளை ஆசை. பழநியோ, திருப்பதியோ, படி ஏறி மூச்சு வாங்கினால்தான் கும்பிட்ட திருப்தி. ஸ்பெயின் தேசத்திலும் அப்படி ஒரு மலைக்கோயில் இருக்கிறது, சகோதரிகளே. பெயர் மொன்செராட். "ரம்பத்தால் அறுத்த மலை" என்று அர்த்தமாம். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையாக விரலை நீட்டி வைத்தாற்போலப் பாறைகள் நிற்கின்றன. பெயர் சரிதான் என்று தோன்றும்.

மேல்படிப்புக்குப் போன மகளைப் பார்க்க நானும் என் கணவரும் பார்சிலோனா போயிருந்தோம். அங்கிருந்து ஒரு மணி நேர ரயில் பயணம். அடிவாரத்தில் இறங்கிப் பல் சக்கர ரயிலுக்கு மாற வேண்டும். நம் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரயிலைப் போலவே தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. 1892-ல் தொடங்கி, 1957-ல் நின்று போய், மறுபடி 2003-ல் ஓட ஆரம்பித்த ரயில் இது. கால்மணியில் மேலே போய்விடலாம்.

கோயிலில் இருப்பது கறுப்பு மாதா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மரத்தில் செய்த சுரூபம். மடியில் குழந்தை, வலது கையில் ஒரு உருண்டை. சுற்றிலும் கண்ணாடி, அந்த உருண்டையை மட்டும் தொட்டுக் கும்பிட இடம் விட்டிருக்கிறார்கள். ஊர் ஜனங்கள் செல்லமாக 'லா மொரெனெட்டா' என்கிறார்கள். நம் ஊராக இருந்தால் 'கருத்தம்மா' என்போம்!

மேய்ச்சல் பிள்ளைகள் ஒரு குகையில் இந்தச் சுரூபத்தைக் கண்டார்களாம். வேறு ஊருக்குத் தூக்கிப் போகப் பார்த்தபோது பாரம் தாங்காமல் நகரவே மறுத்ததாம். "சாமி இங்கேதான் இருப்பேன்னு சொல்லிடுச்சு" என்று நம் கிராமங்களில் கேட்ட கதைதானே! கதை ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மலையில் மாதாவுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்ததை 888-ஆம் வருஷத்துத் தானப் பத்திரம் ஒன்று சொல்கிறது. 1025-ல் ஒலீபா என்ற மடாதிபதி இங்கே துறவியர் மடத்தை நிறுவினார். பெனடிக்டைன் சபைத் துறவிகள் இன்றும் இருக்கிறார்கள். மடத்துக்கு 2025-ல் ஆயிரம் வயது நிறைந்தது.

ஆயிரம் வருஷத்து மடம் என்றால் எத்தனை ஏடுகள் சேர்ந்திருக்கும்! ஆனால் 1811-லும் 1812-லும் நெப்போலியனின் சிப்பாய்கள் வந்து மடத்தைக் கொளுத்தினார்கள். நூலகமும் ஆவணங்களும் பெரும்பாலும் சாம்பலாகிப் போயின. அந்த அழிவுக்குத் தப்பிய ஒரு புத்தகத்தின் கதைதான் என்னை உலுக்கிவிட்டது.

1399 வாக்கில் எழுதிய கையெழுத்துப் பிரதி அது. அந்தக் காலத்தில் யாத்திரை வந்தவர்கள் இரவெல்லாம் கோயிலுக்குள் கண்விழித்திருப்பார்கள். தூக்கம் வராமலிருக்கப் பாட வேண்டும், ஆட வேண்டும். சினிமா இல்லாத காலம். வாய்க்கு வந்த தெருப்பாட்டெல்லாம் கோயிலில் ஒலித்திருக்கும் போல! துறவிகள் அவர்களை அதட்டவில்லை. "பாடுங்கள், ஆடுங்கள்; ஆனால் நல்ல பாட்டாக இருக்கட்டும், ஜபம் செய்பவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம்" என்ற கருத்தில் பாட்டுகளை எழுதி வைத்தார்கள். பத்துப் பாட்டுகள் இன்று இருக்கின்றன. சில லத்தீனில், சில அந்த ஊர் ஜனங்களின் பேச்சுமொழியில். வட்டமாக நின்று ஆடுவதற்கென்றே சில பாட்டுகள். நம் கும்மியேதான்! பாட்டைக் கட்டியது யார் என்று மட்டும் எங்கேயும் பெயர் இல்லை.

இந்தப் புத்தகம் எப்படிப் பிழைத்தது தெரியுமா? மடம் எரிவதற்குச் சில வருஷம் முன்பு, லியோ ஊர்ப் பிரபு ஒருவருக்கு அதை இரவல் கொடுத்திருந்தார்கள். வீட்டில் இருந்திருந்தால் எரிந்திருக்கும். வெளியே போனதால் தப்பியது. 1885-ல்தான் மடத்துக்குத் திரும்பி வந்தது. 172 தாள்களில் முப்பதுக்கும் மேல் காணவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவப்பு வெல்வெட் அட்டை போட்டதால் 'லிப்ரே வெர்மெய்', அதாவது 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

சோதனை அதோடு தீரவில்லை. 1936-ல் உள்நாட்டுப் போர் வந்தபோது மடத்தைச் சேர்ந்த 23 துறவிகள் கொல்லப்பட்டார்கள். கட்டடத்தையும் நூலகத்தையும் அந்தப் பகுதி அரசாங்கம் தன் பொறுப்பில் எடுத்துக் காப்பாற்றியது. இன்று அந்த நூலகத்தில் சுமார் 3 லட்சம் புத்தகங்கள் உண்டு.

போகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. மடத்துச் சிறுவர் பாடகர் குழு ஐரோப்பாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. பள்ளி விடுமுறை இல்லாத நாட்களில் பெரும்பாலும் பகல் வேளையில் பாடுவார்கள். நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். வெளியே வந்தால் சாலையோரக் கடைகளில் 'மத்தோ' என்று ஒரு பால்கட்டி விற்கிறார்கள். உப்புப் போடாத பனீர் மாதிரி மிருதுவாக இருக்கும். தேன் ஊற்றிச் சாப்பிட வேண்டும். வீட்டிலேயே பாலைத் திரித்து வடிகட்டி, மேலே தேன் விட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பாருங்கள். தட்டு காலியாகிவிடும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது.

ஊர் திரும்பிய மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். என் மாமியாருக்கு எண்பத்திரண்டு வயது. தாலாட்டு, கும்மி, நடவுப் பாட்டு என்று எத்தனையோ தெரியும். எதற்கும் ஏடு கிடையாது, எழுதியவர் பெயரும் கிடையாது. தினம் காபிக்குப் பிறகு அத்தை பாட, நான் எழுதுகிறேன். இதுவரை பதினொரு பாட்டு ஆகியிருக்கிறது. என் கணவரைத் தூங்க வைத்த தாலாட்டில் இரண்டாவது அடி மட்டும் அத்தைக்கு நினைவு வரவில்லை. "நாளைக்கு வரும்டி, கொஞ்சம் இடம் விடு" என்கிறார். விட்டிருக்கிறேன்.

ஐந்து பாட்டு சேர்ந்ததும் இன்னொரு நோட்டில் நகல் எடுத்து மதுரையில் இருக்கும் நாத்தனாருக்கு அனுப்பினேன். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. உங்கள் வீட்டிலும் பாட்டியோ, பெரியம்மாவோ இருப்பார்கள். இந்த வாரமே உட்கார்த்தி வைத்துக் கேளுங்கள். எழுதினதை ஒரே வீட்டில் மட்டும் வைக்காதீர்கள்.