திரைப்படம் முடிந்த பின்னர்

உளவளத்துணைப் பயிற்சியொன்றில் 'வீ ஆர் மார்ஷல்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தைக் காட்டினார்கள். 2006இல் வெளிவந்த படம். கல்லூரி உதைபந்தாட்டம் பற்றியது என்றதும் எனக்குப் பெரிதாக ஆர்வம் இருக்கவில்லை. அது எமக்குத் தெரிந்த உதைபந்தாட்டமும் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமாக, பார்ப்பதற்கு றகர் போன்றது. ஆனால் அந்தப் படம் கூறிய உண்மைக் கதையும், கூறாமல் விட்ட பகுதியும் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தன. அதனை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில், ஓஹாயோ ஆற்றங்கரையில் ஹன்டிங்டன் என்றொரு நகரம் உண்டு. மார்ஷல் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. 1970 நவம்பர் 14ஆம் திகதி, வெளியூர்ப் போட்டியொன்றில் தோற்றுத் திரும்பிய அதன் அணியினரின் விமானம், ஊருக்கு அருகிலேயே மலைச்சரிவில் விழுந்து எரிந்தது. 75 பேரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. 37 வீரர்கள், பயிற்றுநர்கள், விமானப் பணியாளர்கள், அணியுடன் சென்ற ஊரவர்கள் என எல்லோரும் மாண்டனர். 70 பிள்ளைகள் தாயையோ தந்தையையோ இழந்தார்கள். அவர்களில் 18 பேருக்கு இருவருமே இல்லாமற் போயினர். அடையாளம் காண முடியாத ஆறு வீரர்களை ஸ்பிரிங் ஹில் மயானத்தில் பக்கம் பக்கமாக அடக்கம் செய்தார்கள்.

அணியைக் கலைத்துவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. காயம் காரணமாக அந்தப் பயணத்தில் சேராத நேற் ரஃபின் என்ற வீரரும் எஞ்சிய சிலரும் விளையாட வேண்டும் என்றார்கள். துணைப் பயிற்றுநர் ரெட் டோசன், விமானத்தில் ஏறாமல் காரில் சென்றதால் உயிர் தப்பியவர். அவர் 1971 பருவம் முழுவதும் புதிய அணிக்குத் துணை நின்றார். பின்னர் பயிற்றுநர் வேலையையே விட்டு விலகினார். ஒருவர் நின்றார், மற்றவர் விலகினார். இருவரில் எவரையும் குறை கூற என்னால் முடியவில்லை.

எமது ஊர்களிலும் இந்தக் கேள்வி உண்டு அல்லவா? ஆண்டுத்திவசம் முடியுமுன் ஒருத்தி சிரித்தால் கதைப்பார்கள். சில வருடங்கள் கழிந்தும் அவள் சிரிக்காவிட்டால், "இன்னும் எழும்பவில்லையே" என்று அதற்கும் கதைப்பார்கள்.

ஜாக் லெங்கியல் புதிய தலைமைப் பயிற்றுநராக வந்தார். முதலாம் வருட மாணவர்களையும் சேர்த்துக்கொள்ள விசேட அனுமதி கிடைத்தது. 1971 செப்ரெம்பர் 25ஆம் திகதி, சொந்த மைதானத்தில் நடந்த முதற் போட்டியில், கடைசி நொடியில் எறிந்த பந்தினால் சேவியர் அணியை 15-13 என வென்றார்கள். படம் காட்டும் பெருவெற்றி இதுதான். எமது கண்களும் கலங்குகின்றன.

ஆனால் வாழ்க்கை அங்கே முடியவில்லை. அந்தப் பருவத்தில் அவர்கள் வென்றவை இரண்டே போட்டிகள், தோற்றவை எட்டு. தோல்விகளைவிட வெற்றிகள் கூடிய முதற் பருவத்தைக் காண 1984 வரை காத்திருந்தார்கள். அப்போது அவர்கள் ஆடியது முதற் தரத்துக்கு அடுத்த 'ஒன்று-ஏஏ' என்ற பிரிவில். பெரிய அணிகளின் புகழ் அங்கே இல்லை. ஆனால் பருவ முடிவில் தெரிவாகும் அணிகளுக்குள் சுற்றுப்போட்டி உண்டு. தோற்றால் அத்துடன் வீடு திரும்ப வேண்டியதுதான். மார்ஷல் 1987இல் இறுதிப்போட்டி வரை சென்று 43-42 என ஒரே புள்ளியால் தோற்றது. 1991 இறுதியில் யங்ஸ்டவுன் ஸ்டேட் அணியிடம் தோற்றது. 1992இல் அதே அணியை, ஹன்டிங்டனிலேயே, மீண்டும் எதிர்கொண்டது. 28-0 என முன்னணியில் இருந்தும் 28-28 எனச் சமநிலைக்கு வந்தபோது, ஊரவரின் மனம் எப்படித் துடித்திருக்கும்! பத்து நொடிகள் எஞ்சியிருக்கையில் வில்லி மெரிக் உதைத்த பந்து 31-28 என வெற்றியைத் தந்தது. விபத்து நடந்து 22 வருடங்களின் பின் அவர்கள் சம்பியன்கள்.

அந்த 22 வருடங்களைப் படம் காட்டவில்லை. நாம் வேலை செய்யும் திட்டங்களும் அப்படித்தான். ஒரு வருடம், இரண்டு வருடம், தையல் இயந்திரம், கோழிக்கூடு, ஒரு புகைப்படம், இறுதி அறிக்கை. ஆனால் அதன் பிறகுதான் அவளுடைய எட்டுத் தோல்விகளும் தொடங்குகின்றன. அப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

ஹன்டிங்டன் மறந்துவிட்டு எழும்பவில்லை. விபத்தில் இறந்த வானொலி வர்ணனையாளர் ஜீன் மோர்ஹவுஸின் மகன் கீத், தந்தையின் தொழிலையே ஏற்று மார்ஷல் போட்டிகளை வர்ணித்தார். பெற்றோர் இருவரையும் அதே விமானத்தில் இழந்த பெண்ணொருவரை மணந்தார். பல்கலைக்கழக வளாகத்தில் 1972இல் ஒரு நினைவு நீரூற்றைத் திறந்தார்கள். ஒவ்வொரு நவம்பர் 14ஆம் திகதியும் எல்லோரும் கூடி நிற்க அதன் நீரை நிறுத்துகிறார்கள். குளிர்காலம் முழுவதும் அது ஓடாது. இளவேனிலில் மீண்டும் திறப்பார்கள். நிறுத்துவதற்கும் ஒரு நாள், திறப்பதற்கும் ஒரு காலம். எமது பெண்களுக்கும் இரண்டும் வேண்டும்.

ஆகவே, "இன்னும் எழும்பவில்லையே" என்று உங்களிடம் யாராவது கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: முதல் வெற்றிக்குப் பத்து மாதம். நல்லதொரு பருவத்துக்குப் பதினான்கு வருடம். கிண்ணத்துக்கு இருபத்திரண்டு வருடம். அதுவும், ஒரு முழு ஊரே பக்கத்தில் நின்றபோது.