எதுக்குடா எடுத்தே?

மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம். கரையில் காயப்போட்டிருந்த கருவாட்டில் ரெண்டை எடுத்துக்கொண்டு ஓடினான் ஒரு பொடியன். எட்டு வயசு இருக்கும். காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆயா எட்டிப் பிடித்துவிட்டார்.

‘போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவேன், ஆமா!’

சும்மா மிரட்டல் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் சிரித்தேன். ஆனால், 1860-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டப்படி, ஏழு வயசுக்குள் என்றால்தான் எது செய்தாலும் குற்றமில்லை. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செய்வது இன்னதென்று புரியும் பக்குவம் இல்லாவிட்டால் மட்டும் விலக்கு. 2024 ஜூலையில் ‘பாரதிய நியாய சன்ஹிதா’ வந்தது. சட்டத்தின் பெயர் மாறியது, பிரிவு எண் 82 என்பது 20 ஆனது. அந்த ஏழு மட்டும் அப்படியே இருக்கிறது!

பிடிபடும் பிள்ளை போவது ஜெயிலுக்கு அல்ல, சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான். சரி. ஆனாலும், எட்டு வயசில் ‘குற்றம்’ என்ற சொல் எதற்கு? குறைந்தது 14 வயசாவது வைக்கச் சொல்லி, 2019-ல் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது ஐ.நா. குழந்தை உரிமைக் குழு. ஸ்காட்லாந்தில்கூட எட்டாக இருந்ததை 2021-ல் பன்னிரண்டாக உயர்த்திவிட்டார்கள்.

பொடியனின் கையை விடாமலே ஆயா கேட்டார்: ‘எதுக்குடா எடுத்தே?’

‘பூனை குட்டி போட்டிருக்கு ஆயா...’

கையை விட்டுவிட்டார். ‘கேட்டா குடுக்க மாட்டனா? இனிமே கேட்டு வாங்கு’ என்று இன்னொரு கருவாட்டையும் எடுத்து நீட்டினார்.

அவ்வளவுதாங்க விசாரணை!