செருப்பு கழன்றது தெரியவில்லை

71 வயதில் ஒரு மாலை, கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வந்து படியேறியபோதுதான் கவனித்தேன், வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. சரளைக்கல் பாதையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன். ஒரு கல்கூடக் குத்தியதாக உணர்வில்லை. கால் மரத்துப்போவதை இரண்டு வருடமாக "வயசாச்சு" என்றே ஒதுக்கி வந்தேன். அன்று பயம் வந்தது.

நரம்பு மருத்துவர் இசைக்கவையைத் தட்டிப் பெருவிரலில் வைத்தார். அதிர்வு தெரியவில்லை. கணுக்காலிலும் இல்லை. முழங்காலில்தான் தெரிந்தது. சர்க்கரை நோயும் எனக்குக் கிடையாது. "பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா, ஐயா?" என்று கேட்டார்.

இருந்தது. மூன்று வருடமாகப் பீரோவில். முழு உடல் பரிசோதனையில், ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில், தாழ்ந்த மேடாக இருக்கவேண்டிய இடத்தில் கோபுரம்போல ஒரு கூர் எழுந்திருந்தது. தீங்கற்றது, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நிம்மதியாக மடித்து வைத்துவிட்டேன். கால் மரக்கத் தொடங்கிய பிறகும், புரதத்தைப் பார்த்தவரிடம் போய்க் காலைப் பற்றிச் சொன்னதில்லை. என் பிழை அதுதான்.

நம் உடலில் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பிளாஸ்மா செல்கள் பல குடும்பங்களாக இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். அதில் ஒரு குடும்பம் மட்டும் பெருகித் தன் சரக்கையே ரத்தத்தில் நிறைத்தால் அந்தக் கூர் எழும். இது அபூர்வமல்ல. அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கில், 50 வயதைத் தாண்டியவர்களில் 3.2 சதவீதம் பேருக்கு இருந்தது. புற்றுநோயாக மாறுவது ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கு. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் ஒரு தொல்லையும் இல்லை.

ஆனால் எதிர்ப்பொருள் என்பது எதையாவது பற்றிக்கொள்ளப் பிறந்தது. சிலருக்கு அது சொந்த உடலையே பற்றுகிறது. குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைத்துச் சிதைக்கும். விரல் நுனி நீலம் பாரிக்கும். என் உடலில் அது நரம்பின் உறையிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றியிருந்தது. ஐ.ஜி.எம் என்ற எதிர்ப்பொருள் வகையால் கூர் எழுந்தவர்களிடம் இந்த நரம்புப் பாதிப்பைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார்.

ராபர்ட் கைல் என்ற மருத்துவரை நான் பெரிதும் மதிக்கிறேன். மேயோ கிளினிக்கில் இருந்த அவர், 1978-இல் ரத்தத்தில் இந்தக் கூர் எழும் நிலைக்கு 'தீங்கற்றது' என்ற பெயர் பொருந்தாது என்று கருதி, 'முக்கியத்துவம் தீர்மானிக்கப்படாதது' என்று பெயரிட்டார். நோயாளிக்கு இதமான சொல்லைவிட உண்மையான சொல்லைக் கொடுத்தார். அந்தச் சொல் என் தாளில் இருந்திருந்தால் அதைப் பீரோவில் வைத்திருக்க மாட்டேன்.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறேன். கண் உதவாவிட்டால் கால் நிலைதடுமாறுவதால், இரவில் குளியலறை விளக்கை அணைப்பதில்லை. படுக்கப்போகுமுன் இரு பாதங்களையும் கண்ணால் பார்த்துத் தடவிக்கொள்கிறேன்.

நெருங்கிய ரத்த உறவுக்கும் இது வர வாய்ப்பு கூடுதல் என்பதால் தம்பியையும் பரிசோதிக்கச் சொன்னேன். போன வாரம் கூப்பிட்டான். "அண்ணே, எனக்கும் அந்தப் புரதம் இருக்காம். ஒண்ணும் பண்ணாதுன்னுட்டாங்க."

"இருக்கட்டும். செருப்பைக் கழட்டு. சுவரோரமா நின்னு, காலைச் சேர்த்து வச்சு, கண்ணை மூடு. உன் பொண்டாட்டி பக்கத்துல நிக்கட்டும்."

போனை வைக்காமல் காத்திருந்தேன்.

"சுவரைப் பிடிக்காம நின்னுட்டேன், அண்ணே."

"சரி. அடுத்த வாரம் அந்த ரிப்போர்ட்டோட வா. ரெண்டு பேருமாப் போய்ப் பார்ப்போம்."